வளர்ச்சிப் பணியில் அறக்கொடை: விதைப்பணமும் பொதுப்பணமும்

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் உறுப்பு நாடுகள் அனைத்தும் 17 நீடித்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டன. வறுமை ஒழிப்பு, பசிப்பிணி நீக்கம், உடல்நலம், கல்வி, தூய குடிநீர், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முதலியவற்றை 2030ஆம் ஆண்டுக்குள் உலக மக்கள் அனைவருக்கும் எட்டச் செய்வதே இவற்றின் நோக்கம். இத்தகைய பெரும்பணிக்கு நிதி எங்கிருந்து வரும் என்ற வினா அப்போதே எழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் கூடிய வளர்ச்சி நிதி மாநாடு இவ்வினாவை ஆராய்ந்தது. உள்நாட்டு வரி வருவாய், அயல்நாட்டு உதவி, தனியார் முதலீடு, வணிகம் ஆகியவற்றுடன் அறக்கொடைக்கும் அம்மாநாட்டின் அறிக்கையில் இடம் தரப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் நான்காவது வளர்ச்சி நிதி மாநாடு நடைபெற்றபோது நிலைமை கவலை தருவதாக இருந்தது. வளரும் நாடுகள் இந்த இலக்குகளை எய்துவதற்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறையாக உள்ளது என மாநாடு கணக்கிட்டது. இதற்கிடையே செல்வ நாடுகளின் அரசு உதவியும் சுருங்கலாயிற்று. 2024ஆம் ஆண்டில் அவ்வுதவி முந்தைய ஆண்டைவிட உண்மை மதிப்பில் 7 சதவீதம் குறைந்து, சுமார் 21,200 கோடி டாலர் அளவில் நின்றது. 2025ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி உதவி முகமை தனி அமைப்பாக இயங்குவதை நிறுத்திக்கொண்டது.

அரசுகள் விலகிச் செல்லும் இடத்தைக் கொடையாளர்கள் நிரப்புவார்களா என்ற எதிர்பார்ப்பு இன்று பலரிடம் காணப்படுகிறது. இது எந்த அளவுக்குப் பொருத்தமானது என்பதை அறிய, அறக்கொடையின் அளவையும், கடந்த காலத்தில் அது செய்து முடித்த பணிகளையும், அதன் எல்லைகளையும் ஆராய்வது அவசியமாகும்.

தருமமும் அறக்கொடையும்

பசித்தவனுக்கு உணவளிப்பதும் நோயுற்றவனுக்கு மருந்து கொடுப்பதும் தருமம். பசியும் நோயும் தோன்றுவதற்கான காரணங்களை ஆராய்ந்து, அவற்றை நீக்கக்கூடிய அமைப்புகளை உருவாக்க முதலீடு செய்வது அறக்கொடை. இரண்டுக்கும் அடிப்படை ஈகையே எனினும், முன்னது உடனடித் துயரைத் தணிக்கிறது. பின்னது துயரின் வேரைத் தேடுகிறது.

நமது நாட்டில் சத்திரம், குளம், பாடசாலை, மருத்துவமனை ஆகியவற்றை நிறுவி, அவற்றின் பராமரிப்புக்காக நிலங்களை எழுதிவைக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவந்துள்ளது. தொழில்வளர்ச்சியின் காரணமாகப் பெருஞ்செல்வம் ஒருசிலரிடம் குவிந்த பின்னர், இவ்வழக்கம் புதிய வடிவம் பெற்றது. அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி, செல்வந்தர்கள் தம் வாழ்நாளிலேயே செல்வத்தைப் பொதுநலனுக்குச் செலவிட்டுவிட வேண்டும் என 1889ஆம் ஆண்டில் எழுதினார். 1913இல் ராக்பெல்லர் அறக்கட்டளையும், 1936இல் போர்டு அறக்கட்டளையும் தோன்றின. இந்தியாவில் ஜாம்ஷெட்ஜி டாடாவின் கொடை, மைசூர் சமஸ்தானம் வழங்கிய நிலம், அன்றைய அரசின் ஆதரவு ஆகிய மூன்றும் சேர்ந்து 1909ஆம் ஆண்டில் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் உருவாகக் காரணமாயின. செல்வம் படைத்தோர் அதனைச் சமுதாயத்தின் சார்பில் பேணும் தருமகர்த்தாக்களே என்ற காந்தியடிகளின் கருத்தும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

கொடைநிதியின் அளவு

பெரிய கொடை நிறுவனங்களின் பெயர்கள் அடிக்கடி செய்திகளில் இடம்பெறுவதால், அவற்றின் நிதி அளவற்றது என்ற எண்ணம் பரவியுள்ளது. புள்ளிவிவரங்கள் வேறுவிதமாகக் கூறுகின்றன. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் நடத்திய ஆய்வுகளின்படி, வளரும் நாடுகளின் வளர்ச்சிக்காகக் கொடை நிறுவனங்கள் 2013 முதல் 2015 வரையிலான மூன்றாண்டுகளில் வழங்கிய தொகை 2,390 கோடி டாலர். 2016 முதல் 2019 வரையிலான நான்காண்டுகளில் இது 4,250 கோடி டாலராக, அதாவது ஆண்டுக்குச் சராசரி 1,060 கோடி டாலராக உயர்ந்தது. இச்சராசரியை 2024ஆம் ஆண்டின் அரசு உதவியோடு ஒப்பிட்டால், அது இருபதில் ஒரு பங்கு. செவில் மாநாடு கணக்கிட்ட பற்றாக்குறையோடு ஒப்பிட்டால், முந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இத்தொகையும் சமமாகப் பரவவில்லை. 2013 முதல் 2015 வரை வழங்கப்பட்ட தொகையில் ஏறத்தாழப் பாதி கேட்ஸ் அறக்கட்டளை ஒன்றிடமிருந்தே வந்தது. பாதிக்கு மேற்பட்ட பணம் உடல்நலத் துறைக்குச் சென்றது. மிக வறிய நாடுகளைவிட நடுத்தர வருவாய் நாடுகளே பெரும்பகுதியைப் பெற்றன.

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் கேட்ஸ் அறக்கட்டளை, அடுத்த 20 ஆண்டுகளில் 20,000 கோடி டாலர் செலவிட்டு, 2045ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளன்று தன் பணியை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. ஆண்டுக்குச் சராசரி 1,000 கோடி டாலர் என்பது எந்தத் தனி அமைப்புக்கும் மிகப் பெரிய தொகையே. எனினும் 2024இல் அரசு உதவி ஒரே ஆண்டில் குறைந்த அளவை ஈடுசெய்வதற்குக்கூட அது போதாது.

ஆகவே, அறக்கொடையின் மதிப்பை அதன் தொகையைக் கொண்டு அளந்தால் ஏமாற்றமே மிஞ்சும். அரசுப் பணம் செய்யத் தயங்கும் பணி ஒன்று உண்டு. பலன் கிட்டுமா என்பது உறுதியாகாத முயற்சிக்கு முதன்முதலாகப் பணம் இடுவதே அது. மக்களின் வரிப்பணத்தைச் செலவிடும் அரசு, தணிக்கைக்கும் சட்டமன்றத்துக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. தோல்வியடையக்கூடிய சோதனைகளில் அது பத்து, பதினைந்து ஆண்டுகள் பொறுமையுடன் முதலீடு செய்வது எளிதன்று. கொடை நிறுவனத்துக்கு இத்தடை இல்லை. அறக்கொடையின் சிறப்பு இங்கேதான் அமைந்துள்ளது.

நெல் ஆராய்ச்சி தந்த படிப்பினை

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டாக விளங்குவது பன்னாட்டு வேளாண்மை ஆராய்ச்சியின் வரலாறு. 1943ஆம் ஆண்டில் ராக்பெல்லர் அறக்கட்டளை மெக்சிகோ அரசுடன் சேர்ந்து பயிர் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதில் சேர்ந்த நார்மன் போர்லாக், குட்டையான கோதுமை வகைகளை உருவாக்கி வெற்றிபெற இரண்டு பத்தாண்டுகள் தேவைப்பட்டன. 1960ஆம் ஆண்டில் ராக்பெல்லர், போர்டு அறக்கட்டளைகள் இரண்டும் பிலிப்பைன்ஸ் அரசுடன் இணைந்து லாஸ் பானியோஸ் நகரில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. இந்தோனேசியாவின் பேட்டா வகையையும் தைவானின் குட்டை ரகம் ஒன்றையும் இணைத்து உருவாக்கப்பட்ட ஐ.ஆர்.8 நெல்லை அந்நிலையம் 1966ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. தண்டு குட்டையாக இருந்தமையால் உரமிட்டபோது பயிர் சாயவில்லை. சுமார் 130 நாட்களில் அறுவடைக்கு வந்தது.

இந்தியாவிலும் இதற்கு இணையான முயற்சி நடைபெற்றது. 1952ஆம் ஆண்டில் புது தில்லியில் அலுவலகம் அமைத்த போர்டு அறக்கட்டளை, அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு உதவியது. அதன் ஆதரவில் வந்த வல்லுநர் குழு 1959இல் அளித்த அறிக்கையின் விளைவாக, 1960-61ஆம் ஆண்டில் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் உருவாயிற்று. தஞ்சாவூர், மேற்கு கோதாவரி, லூதியானா, அலிகார், ராய்ப்பூர், ஷாகாபாத், பாலி ஆகிய ஏழு மாவட்டங்கள் இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன. நல்ல விதை, உரம், பயிர்ப் பாதுகாப்பு, கூட்டுறவுக் கடன், தொழில்நுட்ப அறிவுரை ஆகியவற்றைத் தனித்தனியாக வழங்காமல் ஒருங்கே உழவரிடம் சேர்ப்பதே இத்திட்டத்தின் கருத்து. ஏழு மாவட்டங்களில் சோதித்துப் பார்த்த இம்முறையை, 1964-65ஆம் ஆண்டில் அரசு தன் பொறுப்பில் 114 மாவட்டங்களுக்கு விரித்தது. 1966இல் உயர் விளைச்சல் ரகத் திட்டம் தொடங்கியது.

இவ்வரலாற்றில் கொடையும் அரசும் வகித்த பங்குகளைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். ஆராய்ச்சிக்கும் முதற்சோதனைக்கும் கொடைநிதி பயன்பட்டது. பாசனம், உர ஆலைகள், விதைப் பெருக்கம், விரிவாக்கப் பணியாளர்கள், கொள்முதல் விலை, கூட்டுறவு வங்கிகள் ஆகியவற்றை அமைத்தது அரசு. பின்னவை இல்லாதிருப்பின் ஐ.ஆர்.8 ஓர் ஆராய்ச்சிப் பண்ணையின் சாதனையாகவே நின்றிருக்கும்.

ஆராய்ச்சியைக்கூடக் கொடை நிறுவனங்கள் நெடுங்காலம் தனித்துத் தாங்க இயலவில்லை. 1960களின் இறுதியில் இத்தகைய நிலையங்கள் நான்காகப் பெருகியதும் அவற்றின் ஆண்டுச் செலவு இரு அறக்கட்டளைகளின் ஆற்றலை மீறியது. இத்தாலியின் பெல்லாஜியோவில் 1969ஆம் ஆண்டு தொடங்கிய பேச்சுகளின் முடிவில், 1971 மே மாதத்தில், உலக வங்கி, உணவு வேளாண்மை அமைப்பு, ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் ஆதரவுடன் பன்னாட்டு வேளாண்மை ஆராய்ச்சி ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அதன்பின் செலவின் பெரும்பகுதியை அரசுகள் ஏற்றன.

இம்மாற்றம் நிதியை மட்டுமன்றி நோக்கத்தையும் விரிவாக்கியது. குறுகிய காலத்தில் தானிய விளைச்சலைப் பெருக்குவதில் முதல் நிலையங்கள் கருத்தூன்றின. அவை உருவாக்கிய ரகங்கள் நீரும் உரமும் தாராளமாகக் கிடைக்கும் நிலங்களுக்கே ஏற்றவையாக இருந்தன. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் நிலத்தடி நீர் இறங்கியதும், மானாவாரிப் பகுதிகள் பின்தங்கியதும் பின்னர் தெரியவந்த விளைவுகள். ஆலோசனைக் குழு அமைந்த மறு ஆண்டே, 1972இல், சோளம், கம்பு, கொண்டைக்கடலை, துவரை, நிலக்கடலை ஆகிய மானாவாரிப் பயிர்களுக்கென ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்சேருவில் பன்னாட்டு ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பல நாடுகள் பங்கேற்கும் மன்றத்தில் வறண்ட நிலத்து உழவர்களின் தேவையும் இடம் பெற்றது என்பது கருதத்தக்கது.

போலியோ ஒழிப்பு

இரண்டாவது எடுத்துக்காட்டு இளம்பிள்ளைவாதம் எனப்படும் போலியோ நோயின் ஒழிப்பு. 1985ஆம் ஆண்டில் பன்னாட்டு ரோட்டரி அமைப்பு இந்நோயை ஒழிக்க நிதி திரட்டத் தொடங்கியது. 12 கோடி டாலர் திரட்டக் கருதிய அவ்வமைப்பு 1988ஆம் ஆண்டுக்குள் 24 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இத்தொகையில் பெரும்பகுதி உலகெங்கும் உள்ள சாதாரண உறுப்பினர்கள் தந்தது. அவ்வாண்டு உலக சுகாதார சபை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது, 125 நாடுகளில் ஆண்டுதோறும் சுமார் 3,50,000 குழந்தைகள் இந்நோயால் முடமாகிக்கொண்டிருந்தனர்.

இந்தியாவில் 1995ஆம் ஆண்டு முதல் நாடு முழுவதும் ஒரே நாளில் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து வழங்கும் இயக்கம் நடைபெற்றது. 1997இல் மத்திய அரசும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நோய்க் கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தின. ரோட்டரி, கேட்ஸ் அறக்கட்டளை, யுனிசெப் முதலியவை துணைநின்றன. உத்தரப் பிரதேசம், பீகார் மாநிலங்களில் நோய் நீண்ட காலம் நீடித்தது. 2009இல் நாட்டில் 741 குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 2010இல் 42 பேர். 2011இல் ஒரே ஒரு குழந்தை. அவ்வாண்டு ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டதே நாட்டின் இறுதி நோயாளி. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது.

இவ்வெற்றியில் கொடையின் பங்கு சிறிதன்று. எனினும் பிற்காலத்தில் இப்பணிக்கான செலவின் பெரும்பகுதியை இந்திய அரசே ஏற்றது. வீடு வீடாகச் சென்றவர்கள் அரசின் சுகாதாரப் பணியாளர்களும், அங்கன்வாடி ஊழியர்களும், தொண்டர்களும் ஆவர். கொடையாளர்களின் விடாமுயற்சியும் அரசின் கிராமம்வரை எட்டும் அமைப்பும் ஒன்றையொன்று நிரப்பின. அமைதியின்மையால் அரசு அமைப்பு எட்ட இயலாத பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளில், கொடைநிதி இருந்தும் நோய் நீடித்துவந்துள்ளது.

காரைக்குடியின் சான்று

கொடை அரசின் பொறுப்பில் சேர்ந்து நிலைபெறுவதற்கு நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. பம்பாயில் டாடா அறக்கட்டளை 1941இல் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனையை 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றது. 1962இல் அது அணுசக்தித் துறையிடம் மாற்றப்பட்டது.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார், தேசிய ஆராய்ச்சிச் சாலை ஒன்று அமைப்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. ஆட்களும் கருவிகளும் ஆண்டுச் செலவும் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவின் வாயிலாக அரசுப் பணத்திலிருந்து வந்தன. உலோக அரிப்பு, மின்முலாம், மின்கலன்கள் ஆகியவற்றில் அந்நிலையம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவருகிறது. சூரிய ஒளி, காற்று ஆகியவற்றால் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமிக்க மின்கலன் இன்றியமையாததாகிவிட்ட காலம் இது. மின்வேதியியல் என்ற சொல்லே பலர் அறியாதிருந்த நாளில் இடப்பட்ட விதை, இன்று நீடித்த வளர்ச்சிக்குத் தேவையான துறை ஒன்றுக்கு உரமாகியுள்ளது. கொடையாளர் நிலத்தையும் பணத்தையும் தந்தார். எதை ஆராய்வது என்பதை முடிவுசெய்யும் உரிமை பொது நிறுவனத்திடம் இருந்தது.

குறைபாடுகள்

அறக்கொடையின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. அவற்றை நான்காகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, தேர்வு பற்றியது. எந்த நோயை ஒழிப்பது, எந்தப் பயிரை வளர்ப்பது, எந்த மாவட்டத்துக்கு உதவுவது என்பதைப் பயனடையும் மக்கள் முடிவு செய்வதில்லை. பணம் தருவோரே முடிவு செய்கின்றனர். எண்ணிக்கையில் எளிதாகக் காட்டக்கூடிய பணிகள் விரும்பப்படுகின்றன. தடுப்பூசிகளை எண்ணிவிடலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் நாள்தோறும் பணியில் இருப்பதன் பயனை எண்ணுவது அரிது.

இரண்டாவது, நிபந்தனை பற்றியது. உலக சுகாதார அமைப்பின் வரவு-செலவில் உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா நெடுங்காலம் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தது. எஞ்சியது அரசுகளும் கொடை நிறுவனங்களும் விரும்பித் தந்தது. அதிலும் பெரும்பகுதி குறிப்பிட்ட பணிக்கென ஒதுக்கப்பட்டது. இதனால் தன் முன்னுரிமைகளைத் தானே வகுக்கும் ஆற்றல் அவ்வமைப்புக்குக் குன்றியது. சந்தாவின் பங்கை அடிப்படை வரவு-செலவில் பாதியாகப் படிப்படியே உயர்த்துவதென 2022ஆம் ஆண்டில் உறுப்பு நாடுகள் முடிவு செய்தது இக்குறையை உணர்ந்தே.

மூன்றாவது, பொறுப்பு பற்றியது. ஓர் அமைச்சர் தவறு செய்தால் மக்கள் தேர்தலில் தீர்ப்பளிக்கின்றனர். ஒரு நிறுவனம் தவறு செய்தால் வாடிக்கையாளர் விலகிச் செல்கின்றனர். கொடை நிறுவனத்துக்கு இவ்விரு கட்டுப்பாடுகளும் இல்லை. பல நாடுகளில் கொடைத்தொகைக்கு வரிச்சலுகை கிடைப்பதால், அதன் ஒரு பகுதி உண்மையில் அரசு கைவிட்ட வரியே ஆகும். அத்தொகையின் பயனைப் பற்றி வினவும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு.

நான்காவது, தொடர்ச்சி பற்றியது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் திட்டம் முடிந்ததும் பணம் நின்றுவிடுகிறது. வாகனம் நிற்கிறது, பயிற்சி பெற்ற பணியாளர் வேறு வேலை தேடுகிறார், கட்டடம் பூட்டிக்கிடக்கிறது. நல்ல திட்டமாயினும் அதை ஏற்கும் பொறுப்பாளர் முன்னரே குறிக்கப்படவில்லையெனில் பட்ட பாடு வீணாகிறது.

இந்தியாவின் சட்ட அமைப்பு

இக்குறைகளைக் கருத்தில்கொண்டு இந்தியா சில விதிமுறைகளை வகுத்துள்ளது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டும் கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தங்களின்படி, தொடர்பணிகளுக்கான செலவிடப்படாத தொகை தனிக் கணக்கில் வைக்கப்பட்டு மூன்றாண்டுகளுக்குள் செலவிடப்படல் வேண்டும். பெரிய திட்டங்களின் பயனை வெளியார் மதிப்பிடவும் வேண்டும்.

சட்டம் விதிக்கும் செலவைக் கொடை என்று கூறுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். பெயர் எதுவாயினும், 2014-15இல் சுமார் 10,000 கோடி ரூபாயாக இருந்த இச்செலவு 2022-23இல் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாயாக வளர்ந்தது. அதே 2022-23ஆம் ஆண்டின் மத்திய வரவு-செலவுத் திட்டத்தில் மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் ஒன்றுக்கே 73,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருந்தது. அரசுப் பணத்துக்குக் கம்பெனிகளின் பணம் ஈடாகாது என்பது இதனால் விளங்கும். மேலும், சட்டம் கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தருவதால், தொழில் வளம் மிக்க மாநிலங்களுக்கே கூடுதல் பணம் செல்கிறது. 2018இல் பின்தங்கியவை எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்கள் பெற்ற பங்கு சொற்பமே.

அயல்நாட்டுக் கொடைகளை 1976ஆம் ஆண்டிலும், பின்னர் 2010ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் ஒழுங்குபடுத்தின. 2020ஆம் ஆண்டின் திருத்தம், நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது; பெற்ற கொடையை வேறு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடைசெய்தது. கணக்கு ஒழுங்கு இதனால் கூடியது என்பர் ஒரு சாரார். கிராமங்களில் பணியாற்றும் சிறு அமைப்புகளுக்குப் பெரிய அமைப்புகள் வழியே கிடைத்துவந்த உதவி அடைபட்டது என்பர் மற்றொரு சாரார். கண்காணிப்பும் சிறு அமைப்புகளின் வாழ்வும் ஒருங்கே காக்கப்படுவதற்கான வழியைக் காண்பது நிர்வாகத்தின் முன் உள்ள பணியாகும்.

ஏற்குமுன் ஆராய வேண்டியவை

மாவட்ட அளவில் திட்டங்களை நிறைவேற்றும் அதிகாரிகளிடம் கொடை நிறுவனங்கள் புதிய திட்டங்களுடன் வருவது இன்று வழக்கமாகிவிட்டது. மேற்கூறிய அனுபவங்களிலிருந்து, அத்தகைய உதவியை ஏற்குமுன் கீழ்க்கண்டவற்றை ஆராய்வது நலம்.

1. இப்பணி புதிய முறையொன்றைச் சோதிக்கிறதா, அல்லது அரசு ஏற்கெனவே செய்யக் கடமைப்பட்ட பணியைச் சிறிது காலத்துக்கு ஏற்றுக்கொள்கிறதா? முன்னதாயின் வரவேற்கலாம். பின்னதாயின், கொடை நிற்கும் நாளில் மக்கள் கைவிடப்படுவர்.

2. சோதனை வெற்றிபெற்றால் அதை ஏற்று நடத்தும் துறை எது? அதற்கான ஆண்டுச் செலவு எவ்வளவு? இவ்விரண்டும் தொடக்கத்திலேயே எழுத்தில் இருத்தல் வேண்டும்.

3. தோல்வியுற்றால் அதை வெளிப்படையாக அறிவிக்கக் கொடையாளர் உடன்படுகிறாரா? தோல்வியை மறைப்பவர் அடுத்த மாவட்டத்திலும் அதே தவற்றைச் செய்வர்.

4. பயனடைய வேண்டிய மக்களின் கருத்து கிராம சபையிலோ வேறு வகையிலோ கேட்கப்பட்டுள்ளதா?

5. சேகரிக்கப்படும் விவரங்களும் உருவாகும் தொழில்நுட்பமும் யாருடைய உடைமையாகும்? பொதுவுடைமையாக இல்லாத விதையாலும் மருந்தாலும் ஏழைகளுக்கு நீடித்த பயன் கிட்டாது.

முடிவுரை

வளர்ச்சிப் பணியில் அறக்கொடைக்கு உள்ள இடம் சிறியது. ஆனால் வேறெதனாலும் நிரப்ப இயலாதது. நாற்றங்காலில் விடும் விதைநெல்லின் அளவு வயலின் விளைச்சலோடு ஒப்பிடச் சிறிதே. விதையின்றிப் பயிர் இல்லை. ஆயினும் விதைநெல்லைக் கொண்டே ஊருக்குச் சோறிட முடியாது. வயலுக்கு நீர் பாய்ச்சும் கடமை பொதுப்பணத்துக்கு, அதாவது வரி செலுத்தும் மக்களுக்கும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் அரசுகளுக்கும் உரியது.

செல்வ நாடுகள் தம் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வளரும் நாடுகளுக்கு உதவியாக வழங்க வேண்டும் என ஐ.நா. பொதுச்சபை 1970ஆம் ஆண்டில் கேட்டுக்கொண்டது. 2024ஆம் ஆண்டில் அவை வழங்கியது 0.33 சதவீதமே. இக்குறையைக் கொடையாளர்களின் தாராள மனத்தைக் காட்டி மறைப்பது நேர்மையாகாது. உதவி சுருங்கிவரும் காலத்தில் வளரும் நாடுகள் தம் வரி அமைப்புகளை வலுப்படுத்திக்கொள்வதும், கிடைக்கும் கொடையைப் புதிய வழிகளைக் கண்டறிவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொள்வதும் அவசியம். லாஸ் பானியோஸில் உருவான நெல்லும், ஹவுராவோடு முடிந்த நோயும், காரைக்குடியில் எழுந்த ஆராய்ச்சிச் சாலையும் காட்டும் வழி இதுவே.